கேஎம்எஸ், எம்ஏகே, ஏடி, சந்தா: அலுவலகச் சிஸ்டங்களை எந்த வழியில் ஆக்டிவேட் செய்வது?

பல சிஸ்டங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் வால்யூம் லைசென்ஸை வாங்கி முடித்து மைக்ரோசாஃப்ட் அட்மின் சென்டரைத் திறந்தால், ஒரே விண்டோஸுக்கு இரண்டு கீ இருக்கும். ஒன்றின் பக்கத்தில் கேஎம்எஸ் (கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ்) என்று போட்டிருக்கும், இன்னொன்றின் பக்கத்தில் எம்ஏகே (மல்டிபிள் ஆக்டிவேஷன் கீ). எதைப் போடுவது என்று வெண்டரைக் கேட்டால், "எதைப் போட்டாலும் ஓடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை நம்பி கேஎம்எஸ் கீயை ஒவ்வொரு சிஸ்டத்திலும் அடிக்க ஆரம்பித்தால் ஆறு சிஸ்டம் வரை பிரச்சினை இருக்காது. ஏழாவதில் நின்றுவிடும். ஏனென்றால் அது பயனர் சிஸ்டங்களில் போடுகிற கீயே அல்ல. மற்ற சிஸ்டங்களுக்கு ஆக்டிவேஷன் வழங்கும் ஒரு சர்வரில் மட்டும் போட வேண்டியது. அந்த ஆறு டெஸ்க்டாப்பும் இப்போது ஆளுக்கொரு ஆக்டிவேஷன் சர்வராக மாறி உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ், ஆஃபிஸ் இரண்டையும் ஒரு நிறுவனத்தில் ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் வழிகள் நான்கு: கேஎம்எஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி (சுருக்கமாக ஏடி) வழி, எம்ஏகே, பயனர் பெயரில் வரும் சந்தா. நான்கும் சட்டப்படி சரியானவைதான். ஆனால் ஒரு இடத்துக்குப் பொருந்துவது இன்னொரு இடத்தில் ஆறு மாதத்தில் தலைவலியாகிவிடும்.

## ஆக்டிவேட் ஆனால் லைசென்ஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை

ஒப்பிடும் முன் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். கேஎம்எஸ் சர்வர் லைசென்ஸை எண்ணுவதில்லை. 100 லைசென்ஸ் வாங்கி 160 சிஸ்டத்தில் போட்டாலும் 160-ஐயும் சிரித்த முகத்தோடு ஆக்டிவேட் செய்து கொடுக்கும். ஆடிட் வரும்போதுதான் அந்த 60-க்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கிய எண்ணிக்கை ஒரு ஷீட்டிலும், நிறுவிய எண்ணிக்கை இன்னொரு ஷீட்டிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையது.

அடுத்தது நம் ஊரில் நிறைய நடப்பது. விலை குறைகிறது என்று டாஸ் போட்ட, அதாவது விண்டோஸே இல்லாத சிஸ்டங்களை மொத்தமாக வாங்கி, அதன் மேல் விண்டோஸ் வால்யூம் லைசென்ஸைப் போடுவார்கள். ஆக்டிவேட் ஆகும், ஆனால் லைசென்ஸ் செல்லாது. டெஸ்க்டாப் விண்டோஸுக்கான வால்யூம் லைசென்ஸ் ஒரு அப்கிரேடு லைசென்ஸ் மட்டுமே. அடியில் தகுதியுள்ள விண்டோஸ் புரோ ஏற்கெனவே இருக்க வேண்டும். ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டவர்கள் ஜிஜிடபிள்யூஏ என்கிற லைசென்ஸை வாங்கித்தான் கணக்கைச் சரிசெய்ய முடியும். பர்சேஸில் மிச்சம் பிடித்த தொகை இங்கே போய்விடும்.

புரோ எடிஷனோடு வந்த பிராண்டட் லேப்டாப்பாக இருந்தால், அதன் விண்டோஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எண்டர்பிரைஸ் எடிஷனின் வசதிகள் உங்களுக்குத் தேவையில்லை என்றால் விண்டோஸுக்கு வால்யூம் ஆக்டிவேஷனே வேண்டாம். ஆஃபிஸுக்கு மட்டும் வழி தேடினால் போதும். சின்ன அலுவலகங்களில் பாதிப் பேருக்குப் பதில் இங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

"எங்களிடம் இத்தனை சிஸ்டம், எது நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணிக்கை கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சிஸ்டங்கள் அலுவலக நெட்வொர்க்குக்கு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வருகின்றன என்பது. மேசையை விட்டு நகராத டெஸ்க்டாப்பும், சேல்ஸ் ஆள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகும் லேப்டாப்பும் ஒரே வழியில் அடங்காது.

இரண்டாவது, டொமைன், அதாவது எல்லாச் சிஸ்டங்களையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு, இருக்கிறதா என்பது. ஆக்டிவ் டைரக்டரி ஓடும் இடத்துக்கும், எல்லாம் வொர்க்குரூப்பில், அதாவது தனித்தனியாகக் கிடக்கும் இடத்துக்கும் பதில் வேறு. மூன்றாவது, எவ்வளவு அடிக்கடி ஃபார்மேட் அடிக்கிறீர்கள் என்பது. கல்லூரி லேப் என்றால் செமஸ்டருக்கு ஒருமுறை நடக்கும். கணக்குப் பிரிவில் சிஸ்டம் பழுதானால்தான் நடக்கும். நான்காவது, பராமரிப்பது யார் என்பது. உள்ளேயே ஆள் இருக்கிறாரா, அல்லது போன் செய்தால் மறுநாள் வரும் சர்வீஸ் இன்ஜினியரா? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள்.

## கேஎம்எஸ்: உள்ளூர் சர்வர்

எப்படி வேலை செய்கிறது: உங்கள் நெட்வொர்க்கில் ஒரு சர்வரில் கேஎம்எஸ் கீயைப் போட்டு, அதை மட்டும் ஒருமுறை இணையம் வழியாகவோ போன் வழியாகவோ மைக்ரோசாஃப்டிடம் ஆக்டிவேட் செய்ய வேண்டும். மற்ற சிஸ்டங்களில் ஜிவிஎல்கே என்கிற பொதுக் கீ இருக்கும். வால்யூம் மீடியாவிலிருந்து நிறுவினால் அது தானாகவே உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கும் கீ அது, அதனால் ரகசியம் ஒன்றுமில்லை. சிஸ்டம், நெட்வொர்க்கின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் கேஎம்எஸ் எங்கே என்று தேடி, 1688 போர்ட்டில் போய்க் கேட்டு ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். இணையமே இல்லாத சிஸ்டங்களுக்கும் இது ஓடும் என்பதுதான் இதன் பெரிய பலம். பழைய சர்வர் ஒன்றில் மற்ற வேலைகளோடு இதையும் வைத்துக்கொள்ளலாம், சுமையே தெரியாது.

ஒருமுறை கிடைத்த ஆக்டிவேஷன் 180 நாள் நிற்கும். அதற்குள் 7 நாளுக்கு ஒருமுறை சிஸ்டம் தானாகப் புதுப்பிக்க முயலும். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் டிஎல்வி என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். புதிதாக ஆக்டிவேட் ஆன சிஸ்டத்தில் 259200 நிமிடம் என்று காட்டும், அதுதான் 180 நாள். நெட்வொர்க்கில் இருக்கும் சிஸ்டத்தில் இந்த எண் ஒரு வாரத்துக்கு மேல் குறையாது, திரும்ப மேலே ஏறிவிடும். தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சிஸ்டம் கேஎம்எஸ்ஸைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: முதல் தொல்லை குறைந்தபட்ச எண்ணிக்கை. டெஸ்க்டாப் விண்டோஸ் ஆக்டிவேட் ஆக வேண்டுமானால் குறைந்தது 25 சிஸ்டம் அந்த கேஎம்எஸ்ஸிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். விண்டோஸ் சர்வருக்கு 5, ஆஃபிஸுக்குத் தனியாக 5. 24 சிஸ்டம் வரை ஒன்றுகூட ஆகாது, எஃப்038 என்று முடியும் பிழை எண் வரும். 25-வது வந்ததும் எல்லாம் அடுத்தடுத்து ஆகிவிடும், ஏனென்றால் ஆகாத சிஸ்டங்கள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். விர்ச்சுவல் மெஷின்களும் கணக்கில் சேரும். ஆனால் 30 நாள் எட்டிப் பார்க்காத சிஸ்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். 28 சிஸ்டம் வைத்திருந்த அலுவலகம் ஒரு கிளையை மூடி 20-க்கு வந்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. புதுப்பிப்பு நின்றுபோய், மாதங்கள் கழித்து ஒவ்வொரு திரையின் மூலையிலும் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்' என்ற வாசகம் வரும்போதுதான் தெரியும்.

லேபில் 40 சிஸ்டம் இருந்தும் கேஎம்எஸ் கணக்கு ஒன்றிலேயே நிற்கிறது என்பவர்கள் இமேஜைப் பார்க்க வேண்டும். ஒரு சிஸ்டத்தில் எல்லாம் நிறுவி, சிஸ்பிரெப் என்கிற விண்டோஸ் கருவியில் ஜெனரலைஸ் கொடுக்காமல், அதாவது அந்தச் சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை நீக்காமல், அப்படியே குளோன் அடித்திருப்பார்கள். எல்லாச் சிஸ்டத்துக்கும் ஒரே கிளையன்ட் ஐடி இருப்பதால், கேஎம்எஸ் கண்ணுக்கு 40-ம் ஒரே ஆள்தான். ஒவ்வொன்றிலும் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ரீஆர்ம் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் ஐடி மாறும். இமேஜைச் சரிசெய்து மறுபடி போடுவதுதான் ஒழுங்கான தீர்வு.

இன்னொன்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. சிஸ்டத்தின் நேரத்துக்கும் கேஎம்எஸ் நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்டிவேஷன் மறுக்கப்படும், எஃப்06சி என்று முடியும் பிழை வரும். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன பழைய டெஸ்க்டாப்பில், கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். டொமைனில் இல்லாத லேப்களில் சர்வர், ஃபயர்வால் என்று எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும். எஃப்074 வந்தால் அது வேறு கதை. கேஎம்எஸ்ஸையே காணோம் என்று அர்த்தம். டிஎன்எஸ் பதிவையும் 1688 போர்ட்டையும் பார்க்க வேண்டும்.

கேஎம்எஸ் கீயை 6 ஹோஸ்ட்களில், அதாவது ஆக்டிவேஷன் வழங்கும் சர்வர்களில், போடலாம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் மொத்தம் 10 முறை ஆக்டிவேட் செய்யலாம். ஹோஸ்ட் மாற்றும்போதும் புதுப் பதிப்புக்கு மாறும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் புதுப் பதிப்பு வரும்போது ஹோஸ்டுக்குப் புதுக் கீ தேவைப்படலாம். ஆஃபிஸுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் தனி வால்யூம் லைசென்ஸ் பேக்கை ஹோஸ்டில் நிறுவ வேண்டும். 1688 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. வெளியாட்கள் எல்லாம் உங்கள் ஹோஸ்டில் வந்து ஆக்டிவேட் செய்துகொண்டு போவார்கள்.

எப்போது நல்லது: டொமைன் இல்லாத ஆனால் எண்ணிக்கை அதிகமுள்ள லேப்கள், இணையம் அடைக்கப்பட்ட பெரிய நெட்வொர்க், டொமைனுக்குள்ளும் வெளியேயும் கலந்து கிடக்கும் சர்வர்கள்.

## ஏடி வழி ஆக்டிவேஷன்

எப்படி வேலை செய்கிறது: அதே கேஎம்எஸ் கீயை எடுத்து, ஆக்டிவ் டைரக்டரிக்குள் ஒரு பொருளாகப் பதிந்துவிடுவது. வால்யூம் ஆக்டிவேஷன் சர்வீசஸ் ரோலை ஒரு சர்வரில் சேர்த்து, அதன் விசார்டில் சில திரைகளைத் தாண்டினால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு டொமைனில் சேரும் ஒவ்வொரு சிஸ்டமும் டொமைன் கன்ட்ரோலரிடம் பேசும்போதே ஆக்டிவேட் ஆகிவிடும். தனி ஹோஸ்ட், போர்ட், டிஎன்எஸ் பதிவு ஒன்றும் வேண்டாம். குறைந்தபட்ச எண்ணிக்கையும் இல்லை, மூன்று சிஸ்டம் இருந்தாலும் ஓடும். ஒரு ஃபாரஸ்டில், அதாவது டொமைன்களின் தொகுப்பில், ஒருமுறை பதிந்தால் அதற்குள் இருக்கும் எல்லா டொமைனுக்கும் சேரும்.

டொமைன் வைத்திருக்கும் அலுவலகம் என்றால், வேறு காரணம் இல்லாத வரை இதையே எடுங்கள் என்பேன். 2012-லேயே வந்துவிட்ட வசதி இது. இன்றைக்கும் பல இடங்களில் கேஎம்எஸ் ஓடுவதற்குக் காரணம், முன்பு இருந்தவர் போட்டுவிட்டுப் போனார் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

மறைந்திருக்கும் செலவு: இங்கேயும் 180 நாள் கணக்கு உண்டு. டொமைனைப் பார்க்காத லேப்டாப் 180 நாளில் காலாவதியாகும். டொமைனை விட்டு நீக்கினால் ஆக்டிவேஷனும் கூடவே போகும். ஏடி ஸ்கீமா, அதாவது ஏடியின் தரவு அமைப்பு, விண்டோஸ் சர்வர் 2012 நிலைக்காவது வந்திருக்க வேண்டும். விண்டோஸ் 8-க்கும் ஆஃபிஸ் 2013-க்கும் முந்தைய பதிப்புகள் இதில் ஆகாது. எங்கோ மூலையில் ஒரு விண்டோஸ் 7 மெஷினுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதற்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். பதியும்போது எண்டர்பிரைஸ் அட்மின் உரிமை தேவை. சர்வரை அமைத்துக் கொடுத்த வெண்டரிடமே அந்தப் பாஸ்வேர்டு இருக்கும் அலுவலகங்களில் இதற்காக அவரைப் பிடிப்பதுதான் பெரிய வேலை.

எப்போது நல்லது: எல்லாச் சிஸ்டமும் டொமைனில் இருந்து, மாதத்துக்கு ஒருமுறையாவது அலுவலகத்துக்கோ விபிஎன்னுக்கோ வந்து போகும் இடங்கள்.

கேஎம்எஸ்ஸும் ஏடி வழியும் ஒன்றோடொன்று மோதாது. இரண்டுக்கும் சிஸ்டத்தில் இருப்பது ஒரே ஜிவிஎல்கே கீதான். சிஸ்டம் முதலில் ஏடியில் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால்தான் கேஎம்எஸ்ஸைத் தேடும்.

## எம்ஏகே: ஒருமுறை போட்டால் முடிந்தது

எப்படி வேலை செய்கிறது: ஒரே கீயைப் பல சிஸ்டங்களில் போடலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை நேரடியாக மைக்ரோசாஃப்டிடம் பேசி நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிடும். 180 நாள் கெடு இல்லை, சர்வர் இல்லை, டொமைன் இல்லை. ஹார்டுவேரைப் பெரிதாக மாற்றினால் ஒழிய மறுபடி கேட்காது. இணையம் இல்லாவிட்டால் போனிலும் செய்யலாம். திரையில் வரும் நீளமான எண்ணை ஒரு பக்கம் படித்துச் சொல்லி, அந்தப் பக்கம் சொல்லும் எண்ணை இங்கே அடிக்க வேண்டும். இரண்டு சிஸ்டத்துக்குப் பொறுமை இருக்கும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது கேஎம்எஸ்ஸில் இருந்த லேப்டாப் ஒன்று விபிஎன் இல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தால், கணக்குப்படி செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அதன் ஆக்டிவேஷன் போயிருக்கும். எம்ஏகே போட்ட லேப்டாப்புக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு: எம்ஏகேக்கு ஒப்பந்தத்தைப் பொறுத்து ஒரு உச்ச எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு ஆக்டிவேஷனுக்கும் ஒன்று குறையும். சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்து மறுபடி ஆக்டிவேட் செய்தால் இன்னொன்று போகும். பழைய சிஸ்டத்தை எடைக்குப் போட்டாலும் அது திரும்பி வராது. செமஸ்டருக்கு ஒருமுறை 60 சிஸ்டத்துக்கு இமேஜ் போடும் லேபில் இது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். தீர்ந்தால் மைக்ரோசாஃப்டிடம் காரணம் சொல்லிக் கூட்டிக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். ஆனால் தேர்வு வாரத்தில் தீர்ந்தால் அந்தக் காத்திருப்பே பெரிய தொல்லை.

இதற்கு விஏஎம்டி என்கிற இலவசக் கருவி உதவும். எல்லாச் சிஸ்டங்களின் நிலையையும் ஒரே இடத்தில் காட்டும். அதிலுள்ள பிராக்ஸி ஆக்டிவேஷனில், இணையமே இல்லாத சிஸ்டங்களின் விவரங்களை ஒரு ஃபைலில் எடுத்து, இணையம் உள்ள சிஸ்டத்துக்குக் கொண்டுபோய் அனுமதி எண்களை வாங்கி வரலாம். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்தால் அதே சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்த பிறகு எண்ணிக்கையில் கை வைக்காமலே மறுபடி போடலாம். இதைச் செய்கிறவர்கள் குறைவு. அதற்கு எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் என்கிற டேட்டாபேஸையும் நிறுவ வேண்டியிருப்பதால் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எம்ஏகேயில் என்னைக் கவலைப்பட வைப்பது கீ கசிவதுதான். ஜிவிஎல்கே வெளியே போனால் ஒன்றுமில்லை, எம்ஏகே போனால் உங்கள் எண்ணிக்கை போகும். இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில் கீயை அப்படியே எழுதி, அதை எல்லோரும் திறக்கும் ஷேர்டு ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள். சர்வீஸுக்கு வருபவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவார். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் 'ஒரிஜினல் கீ'களில் பல இப்படி எங்கோ ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்த வால்யூம் கீகள். கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கினால் வாங்கினவரோடு உங்களுக்கும் சிரமம். எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் சிபிகேஒய் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரியிலிருந்து கீ அழிந்துவிடும், ஆக்டிவேஷன் அப்படியே இருக்கும். இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக இதைச் சேர்த்துவிடுங்கள்.

எப்போது நல்லது: 25-க்குக் குறைவான, டொமைன் இல்லாத அலுவலகம், மாதக்கணக்கில் வெளியே சுற்றும் லேப்டாப், எந்த நெட்வொர்க்கிலும் சேர்க்கக் கூடாத கருவிக் கணினிகள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்னும் அதை ஓட்டிக்கொண்டு நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் வாங்கும் நிறுவனங்களுக்கு, அதற்கான கீயும் எம்ஏகே வகையில்தான் வருகிறது. ஒரு சிஸ்டத்துக்கு முதல் வருடம் 61 டாலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏடி வழி வைத்திருந்தாலும் இதற்கு எம்ஏகே பக்கம் வந்தே ஆக வேண்டும்.

## சந்தா: பயனர் பெயரில் ஆக்டிவேஷன்

எப்படி வேலை செய்கிறது: இங்கே கீயே கிடையாது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவைப் பயனருக்கு ஒதுக்கினால், அவர் லாகின் செய்யும் இடத்தில் ஆக்டிவேட் ஆகும். ஆஃபிஸ் என்றால் ஒருவருக்கு 5 கணினி, 5 டேப்லெட், 5 போன் வரை. இ3, இ5 என்கிற எண்டர்பிரைஸ் சந்தாக்களில் விண்டோஸ் புரோவும் எண்டர்பிரைஸாக மாறும். ஆனால் அடியில் இருக்கும் புரோ முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும், சிஸ்டம் என்ட்ரா ஐடியில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் பயனர் கணக்குச் சேவை) சேர்ந்திருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: முதலாவது, மாதா மாதம் போகும் பணம். ஆறேழு வருடம் ஒரே ஆஃபிஸைத் தேய்த்துப் பழகிய நிறுவனங்களுக்கு இது உறைக்கும். இரண்டாவது, 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆஃபிஸ் இணையத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் ஃபைலைத் திறக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. மூன்றாவது, பொதுக் கணினிகள். ஷிஃப்ட் மாறி மாறி ஒரே சிஸ்டத்தில் உட்காரும் இடத்தில், ஒவ்வொருவர் லாகினும் அவரவர் ஐந்தில் ஒன்றைத் தின்றுவிடும். அதைத் தவிர்க்க ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் இருக்கிறது. ஆனால் அது பிசினஸ் ஸ்டாண்டர்டு சந்தாவில் கிடையாது, பிசினஸ் பிரீமியத்திலோ எண்டர்பிரைஸ் திட்டங்களிலோதான் உண்டு. அதோடு உட்காரும் ஒவ்வொருவருக்கும் தனிச் சந்தா வேண்டும். பிசினஸ் திட்டங்கள் 300 பேர் வரைதான்.

எப்போது நல்லது: ஆட்கள் ஊர் மாறிக்கொண்டே இருக்கும், சர்வரே இல்லாத, மெயிலும் ஃபைலும் ஏற்கெனவே கிளவுடில் இருக்கும் நிறுவனம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் சந்தாவை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். எம்ஏகேயில் இந்தச் சௌகரியம் இல்லை.

## பக்கத்துப் பக்கத்தில்

| | கேஎம்எஸ் | ஏடி வழி | எம்ஏகே | சந்தா |
|---|---|---|---|---|
| டொமைன் | வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் | விண்டோஸுக்கு என்ட்ரா ஐடி |
| இணையம் | ஹோஸ்டுக்கு ஒருமுறை | பதியும்போது ஒருமுறை | ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒருமுறை, அல்லது போன் | தொடர்ந்து |
| குறைந்தபட்சம் | விண்டோஸ் 25, சர்வர் 5, ஆஃபிஸ் 5 | இல்லை | இல்லை | இல்லை |
| காலாவதி | 180 நாள் | 180 நாள் | இல்லை | ஆஃபிஸுக்கு 30 நாள், சந்தா உள்ளவரை |
| ஃபார்மேட் அடித்தால் | இழப்பில்லை | டொமைனில் சேர்த்தால் போதும் | எண்ணிக்கையில் ஒன்று குறையும் | மறுபடி லாகின் |
| வெளியே சுற்றும் லேப்டாப் | விபிஎன் வேண்டும் | விபிஎன் வேண்டும் | பொருந்தும் | நன்றாகப் பொருந்தும் |

## உங்கள் இடம் எது

12 சிஸ்டம் உள்ள ஆடிட்டர் அலுவலகம், டொமைன் இல்லை: விண்டோஸ் லேப்டாப்போடு வந்ததே போதும். ஆஃபிஸுக்கு எல்டிஎஸ்சி 2024, அதாவது சந்தா இல்லாமல் ஒருமுறை வாங்கும் பதிப்பு, எடுத்து எம்ஏகே போட்டால் 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. நிறுவும்போது கவனம் வேண்டும். கீயைக் குறிப்பிடாமல் நிறுவினால் ஆஃபிஸ் ஜிவிஎல்கேயோடு உட்கார்ந்து, இல்லாத கேஎம்எஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கும். எம்ஏகேயை கான்ஃபிகரேஷன் ஃபைலில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பொறியியல் கல்லூரி லேப்: கேஎம்எஸ்ஸோ ஏடி வழியோதான், எம்ஏகே வேண்டவே வேண்டாம். ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கே திரும்பும் டீப் ஃப்ரீஸ் மாதிரியான மென்பொருள் இருந்தால், ஆக்டிவேட் ஆன பிறகு உறைய வையுங்கள். 180 நாள் கடந்த பின் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிஸ்டம் காலாவதியான நிலையில் எழுந்து மறுபடி கேட்கும். அதனால் விடுமுறையில் ஒருமுறை உறைநிலையை எடுத்து, புதுப்பித்து, திரும்ப உறைய வைத்துவிட்டால் நல்லது.

திருப்பூரில் இரண்டு மூன்று யூனிட் வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகத்தில் டொமைன் இருக்கும், யூனிட்களில் பேக்கிங் பிரிவுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று என்று சிதறிய சிஸ்டங்கள் இருக்கும், மெர்ச்சண்டைசர்கள் கையில் லேப்டாப். இங்கே ஒரே வழியைத் தேடுவது வீண். தலைமை அலுவலகத்துக்கு ஏடி வழி, யூனிட் டெஸ்க்டாப்புகள் டொமைனுக்கு வராவிட்டால் எம்ஏகே, வெளிநாட்டுக்குப் போய்வரும் மெர்ச்சண்டைசர்களுக்கு சந்தா. ஒப்பந்தம் அனுமதிக்கும் வரை இப்படிக் கலந்து வைப்பதில் தவறில்லை. ஆனால் எந்தச் சிஸ்டம் எந்த வழியில் என்று அசெட் ஷீட்டில் ஒரு நெடுவரிசை வேண்டும். அது இல்லாமல் கலந்தால் அடுத்து வருபவர் பாவம்.

மருத்துவமனையில் ஸ்கேன் கருவியோடு வந்த கணினியை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள விண்டோஸ் கருவி உற்பத்தியாளரின் லைசென்ஸில் வந்திருக்கும். மற்ற டெஸ்க்குகள் டொமைனில் இருந்தால் ஏடி வழி.

இன்னொரு 'வழி'யையும் சொல்லாமல் விட முடியாது. கேஎம்எஸ் சர்வர் மாதிரி நடிக்கும் கிராக் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, 'லைஃப்டைம் ஆக்டிவேஷன்' என்று பில் போடும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவற்றை இயக்க ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வதிலேயே விஷயம் புரிந்துவிடும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. பில் கொடுத்தவர் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

## ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற

எம்ஏகேயிலிருந்து ஏடி வழிக்கோ கேஎம்எஸ்ஸுக்கோ மாற மறுபடி நிறுவ வேண்டியதில்லை. உங்கள் எடிஷனுக்கான ஜிவிஎல்கேயை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ஐபிகே-யோடு கொடுத்து, பின்னர் ஸ்லாஷ் ஏடிஓ கொடுத்தால் போதும். எடிஷன் சரியாக இருக்க வேண்டும், புரோவுக்கான கீயை எண்டர்பிரைஸில் போட்டால் வேலை செய்யாது. ஆஃபிஸுக்குத் தனியாக ஓஎஸ்பிபி ஸ்கிரிப்ட்டில் இதையே செய்ய வேண்டும். விண்டோஸை மாற்றிவிட்டு ஆஃபிஸை மறந்துவிடுவது சகஜம்.

முதலில் இரண்டு மூன்று சிஸ்டத்தில் மாற்றி, ஒரு வாரம் கழித்து டிஎல்வியில் நாள் எண்ணிக்கை திரும்ப ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பழைய எம்ஏகேயை உடனே தூக்கிப் போட வேண்டாம். டொமைனுக்கு வெளியே ஓட வேண்டிய ஒரு லேப்டாப் எப்படியும் வந்து சேரும்.